இறக்குமதி வரியை உண்மையில் யார் கட்டுகிறார்கள்?

2018 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டுச் சலவை இயந்திரங்கள்மீது புதிய இறக்குமதி வரி விதித்தது. ஆண்டுதோறும் உள்ளே வரும் முதல் 12 லட்சம் இயந்திரங்களுக்கு 20 சதவீதம். அதற்கு மேல் வருபவற்றுக்கு 50 சதவீதம். தென்கொரிய நிறுவனங்களின் மலிவான இயந்திரங்களோடு போட்டியிட முடியாமல் திணறிய உள்நாட்டு உற்பத்தியாளருக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதுதான் நோக்கம். பிறகு நடந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். சலவை இயந்திரங்களின் விலை ஏறத்தாழ 12 சதவீதம் ஏறியிருந்தது. வெளியிலிருந்து வந்தவை மட்டுமல்ல, உள்நாட்டில் செய்தவையும் ஏறியிருந்தன. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு யாரும் வரி போடவில்லை. அதன் விலையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியிருந்தது. அங்கே இரண்டையும் ஜோடியாக வாங்குவதே வழக்கம் என்பதால், விற்பவர்கள் விலையேற்றத்தை இரண்டின்மீதும் பங்கிட்டு வைத்துவிட்டார்கள்.

வேலைவாய்ப்பு உயரவில்லையா? உயர்ந்தது. சுமார் 1,800 பேருக்குப் புதிதாக வேலை கிடைத்தது. ஆனால் நுகர்வோர் ஆண்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த தொகை ஏறத்தாழ 150 கோடி டாலர். அரசுக்கு வரியாக வந்தது 8 கோடி டாலர் சொச்சம். அதைக் கழித்துவிட்டு வகுத்துப் பார்த்தால், உருவான ஒவ்வொரு வேலைக்கும் மக்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொழிலாளிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடச் சம்பளமாகப் போயிருக்காது.

வணிகப் பாதுகாப்புவாதம் என்ற பெரிய சொல்லின் பொருளாதாரம் பெரும்பாலும் இந்தச் சிறிய கதைக்குள்ளேயே இருக்கிறது. வரி விதிக்கப்படுவது அயல்நாட்டுப் பொருளின்மீது. துறைமுகத்தில் அதைச் செலுத்துபவர் உள்நாட்டு இறக்குமதியாளர். கடைசியில் பணம் கொடுப்பவர், கடையில் பொருளை வாங்குபவர். 'அந்த நாட்டுக்காரர்கள்தான் கட்டுகிறார்கள்' என்று அரசியல் மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் 2018இல் தொடங்கிய அமெரிக்க–சீன வரிப் போரை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. வரிக்கு முன்பு சீன ஏற்றுமதியாளர்கள் கேட்ட விலையையே வரிக்குப் பின்னும் ஏறத்தாழக் கேட்டார்கள். சுமை முழுவதும் அமெரிக்கத் தரப்பிலேயே தங்கிவிட்டது. மிகப் பெரிய நாடு ஒன்று வாங்குவதைக் குறைத்தால் உலக விலையே இறங்கக்கூடும், அப்போது வரியின் ஒரு பகுதியை அயல்நாட்டார் சுமப்பார்கள் என்று பாடநூல் சொல்வது உண்மைதான். நடைமுறையில் அது எளிதில் வாய்ப்பதில்லை.

அடிப்படைச் சொற்களைப் பார்த்துவிடுவோம். நாட்டு எல்லையில் சிறப்பு வரியோ அளவுக் கட்டுப்பாடோ இல்லாமல், உள்நாட்டுப் பொருளையும் வெளிநாட்டுப் பொருளையும் ஒரே கண்ணால் பார்ப்பது தடையற்ற வணிகம். முழுமையான தடையற்ற வணிகம் எங்கும் இல்லை. எல்லா நாடுகளும் அதிலிருந்து ஏதோ ஒரு தொலைவில் நிற்கின்றன. உள்நாட்டு உற்பத்தியாளரைப் போட்டியிலிருந்து காக்க எல்லையில் வேலி போடுவது பாதுகாப்புவாதம். வேலிகளில் மிகப் பழையது இறக்குமதி வரி. இவ்வளவுதான் உள்ளே வரலாம் என்று அளவு வைப்பது கோட்டா. உள்நாட்டாருக்கு மட்டும் மானியம் கொடுப்பது, அரசுக் கொள்முதலை அவர்களுக்கே ஒதுக்குவது, பாதுகாப்பு விதி என்ற பெயரில் வெளியாருக்கு எட்டாத தரக்கட்டுப்பாடு வைப்பது ஆகியவையும் வேலிகளே. இந்தக் கடைசி வகையைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், அதைத்தான் அதிகாரிகள் மிகவும் விரும்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

காணாமல் போகும் இருநூறு

வரி போட்டால் ஒருவருடைய பணம் இன்னொருவருக்குப் போகிறது, அவ்வளவுதானே, மொத்தத்தில் நாட்டுக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேப்பரில் போட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

சட்டை ஒன்றின் உலகச் சந்தை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். அந்த விலையில் ஒரு நாட்டு மக்கள் 100 சட்டைகள் வாங்குகிறார்கள். உள்நாட்டு ஆலைகள் 30 தருகின்றன. மீதி 70 இறக்குமதி. இப்போது அரசு சட்டைக்கு 20 வரி போடுகிறது. விலை 120 ஆகிறது. மக்கள் 90 சட்டைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விலை ஏறியதால் உள்நாட்டு ஆலைகள் 40 சட்டைகள் செய்கின்றன. இறக்குமதி 50 ஆகச் சுருங்குகிறது.

வாங்குபவர்களின் இழப்பு: 90 சட்டைகளுக்குத் தலா 20 கூடுதலாகக் கொடுத்தது 1,800. வாங்காமல் விட்ட 10 சட்டைகளால் இழந்த பயன் சராசரியாகத் தலா 10 என்றால், இன்னொரு 100. ஆக 1,900. அரசுக்குக் கிடைத்தது 50 சட்டைகளுக்குத் தலா 20, அதாவது 1,000. ஆலைகளுக்கோ, முன்பே செய்துவந்த 30 சட்டைகளில் தலா 20 உபரி, அதாவது 600. புதிதாகச் செய்த 10 சட்டைகளில் உபரி அவ்வளவு இல்லை. அவற்றைச் செய்யச் செலவு அதிகம், 100க்கு அவற்றைச் செய்ய முடிந்திருந்தால் முன்பே செய்திருப்பார்களே. சராசரியாகத் தலா 10 என்று 100 சேர்த்தால் ஆலைகளின் ஆதாயம் 700. ஆயிரமும் எழுநூறும் 1,700. மக்கள் இழந்தது 1,900.

அந்த 200 எங்கே? யாருக்கும் போகவில்லை. பாதி, 100 விலையில் வாங்கியிருக்கக்கூடிய சட்டையை 110 செலவில் நாமே தைத்ததில் கரைந்தது. மறுபாதி, சட்டை தேவைப்பட்டும் வாங்காமல் போனவர்களின் இழப்பு. பொருளாதாரப் பாடநூல்களின் விலை வரைபடத்தில் இது இரண்டு சிறு முக்கோணங்களாக வரும். பெரும்பாலான மாணவர்கள் அவற்றை வரைந்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிடுவார்கள். முக்கோணங்கள் சிறியவைதான், ஒத்துக்கொள்கிறேன். பாதுகாப்புவாதத்தின் முழுச் செலவும் அவ்வளவுதான் என்றால் இதைப் பற்றி இவ்வளவு சண்டை தேவையில்லை. பெரிய செலவுகள் அந்தப் படத்துக்கு வெளியே இருக்கின்றன.

முதலாவது, ஒருவரின் உற்பத்திப் பொருள் இன்னொருவருக்கு மூலப்பொருள். எஃகுக்கு வரி போட்டால் எஃகு ஆலை மகிழும்; கார், டிராக்டர், குளிர்பதனப் பெட்டி, டின் டப்பா செய்பவர்கள் எல்லாரும் அதே எஃகைத்தான் வாங்க வேண்டும். எஃகு செய்பவர்களைவிட எஃகைப் பயன்படுத்திப் பொருள் செய்பவர்கள் எந்தத் தொழில்வள நாட்டிலும் பல மடங்கு அதிகம். அமெரிக்கா 2002 மார்ச்சில் எஃகுக்கு 30 சதவீதம்வரை வரி விதித்தபோதும், 2018இல் 25 சதவீதம் விதித்தபோதும் கதறியவர்கள் உள்நாட்டுத் தொழிற்சாலைக்காரர்களே. சர்க்கரை இன்னும் தெளிவான உதாரணம். அமெரிக்கா கோட்டாக்களின் மூலம் உள்நாட்டுச் சர்க்கரை விலையைப் பல ஆண்டுகள் உலக விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக வைத்திருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஹாலண்ட் நகரில் மிட்டாய் செய்துவந்த புகழ்பெற்ற ஆலை ஒன்றை மூடி, உற்பத்தியைக் கனடாவின் மாண்ட்ரியலுக்கு மாற்றுவதாக 2002இல் அறிவிப்பு வந்தது. கனடாவில் சர்க்கரை உலக விலையில் கிடைக்கிறது. கரும்பு, சர்க்கரை பீட் விவசாயிகளைக் காத்த வேலி, மிட்டாய்த் தொழிலாளர்களை வெளியே தள்ளிவிட்டது.

இரண்டாவது செலவு இன்னும் நுட்பமானது. இறக்குமதிக்குப் போடும் வரி, சுற்றி வந்து ஏற்றுமதிமீதே விழுகிறது. ஆபா லெர்னர் என்ற பொருளியலாளர் 1936இல் இதை நிறுவிக் காட்டினார். இறக்குமதி குறைந்தால் வெளிநாட்டு நாணயத்துக்குத் தேவை குறையும். உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறும். ஏற்றுமதியாளரின் பொருள் வெளிநாட்டில் விலை கூடிவிடும். நாணய மாற்றை அரசு இறுக்கிப் பிடித்தாலும், உள்நாட்டு விலையும் கூலியும் ஏறி அதே விளைவு வரும். பாதுகாக்கப்பட்ட தொழிலுக்குப் போகும் ஆள்களும் முதலும் வேறெங்கிருந்தோ தானே வர வேண்டும்? வணிகப் பற்றாக்குறையை வரி போட்டுச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பது இதனால்தான். ஒரு நாடு எவ்வளவு சேமிக்கிறது, எவ்வளவு முதலீடு செய்கிறது என்பதுதான் பற்றாக்குறையைத் தீர்மானிக்கிறது. வரியால் அந்த இரண்டும் அதிகம் மாறுவதில்லை.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் ஏன் வாங்க வேண்டும்?

தடையற்ற வணிகத்துக்கு ஆதரவான மிகப் பலமான வாதம் 1817இல் டேவிட் ரிக்கார்டோ எழுதியது. பங்குச் சந்தையில் பெரும் பணம் சேர்த்த பிறகு பொருளியல் பக்கம் வந்தவர் அவர். இங்கிலாந்தில் குறிப்பிட்ட அளவு துணி நெய்ய ஓராண்டுக்கு 100 பேரின் உழைப்பும், குறிப்பிட்ட அளவு ஒயின் செய்ய 120 பேரின் உழைப்பும் வேண்டும் என்று வைத்துக்கொண்டார். போர்ச்சுகலில் அதே துணிக்கு 90 பேர், அதே ஒயினுக்கு 80 பேர் போதும். இரண்டிலுமே போர்ச்சுகல்தான் திறமைசாலி. அப்படியானால் இங்கிலாந்திடம் அது எதையும் வாங்கத் தேவையில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ரிக்கார்டோ வேறு விதமாகக் கணக்குப் போட்டார். போர்ச்சுகல் 80 பேரின் உழைப்பில் ஒயின் செய்து அனுப்பிவிட்டு, அதற்கு ஈடாக இங்கிலாந்தின் துணியைப் பெறுகிறது. அந்தத் துணியைத் தானே நெய்தால் 90 பேர் வேண்டும். பத்துப் பேரின் உழைப்பு மிச்சம். இங்கிலாந்து 100 பேரின் உழைப்பில் துணியைக் கொடுத்து, 120 பேரின் உழைப்பு தேவைப்படும் ஒயினைப் பெறுகிறது. இருபது பேரின் உழைப்பு மிச்சம். யாரும் யாரையும் ஏமாற்றாமல் இரு நாடுகளும் முன்னேறுகின்றன. ஒரு நாடு எதில் உலகிலேயே சிறந்தது என்று தேட வேண்டியதில்லை. தான் செய்வனவற்றுள் எதைச் செய்தால் மற்றதை மிகக் குறைவாக இழக்கிறது என்று பார்த்தால் போதும். இதற்குத்தான் ஒப்பீட்டு நன்மை என்று பெயர். பொருளியலில், உண்மையாகவும் இருந்து, முதல் பார்வையில் தெரியாமலும் இருக்கும் கருத்துகள் குறைவு. இது அவற்றுள் ஒன்று.

ரிக்கார்டோ இதை வெறும் மூளைப் பயிற்சிக்காக எழுதவில்லை. பிரிட்டனில் 1815இல் ஒரு தானியச் சட்டம் வந்திருந்தது. ஒரு குவார்ட்டர் (அக்காலத் தானிய அளவு) கோதுமையின் உள்நாட்டு விலை 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையைச் சந்தையில் விற்க முடியாது. நிலவுடைமையாளர்களுக்கு நல்ல காலம். ரொட்டி வாங்கும் தொழிலாளிக்குக் கேடு காலம். அந்தச் சட்டங்களை 1846இல் பிரதமர் ராபர்ட் பீல் நீக்கினார். அதற்குள் ரிக்கார்டோ இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. நீக்கியதற்கு விலையாகப் பீலின் கட்சி இரண்டாக உடைந்தது, அவர் பதவியும் போனது.

முட்டைக்கு முட்டை

நாம் வேலி போட்டால் அண்டை வீட்டார் சும்மா இருப்பார்கள் என்று நினைக்கும் அரசுகள் வியப்பூட்டும் அளவுக்கு அதிகம். 1930 ஜூனில் அமெரிக்க அதிபர் ஹெர்பர்ட் ஹூவர், ஸ்மூட்–ஹாலி வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள், துல்லியமாகச் சொன்னால் 1,028 பேர், வேண்டாம் என்று மனுக் கொடுத்திருந்தார்கள். எதிலும் ஒத்துப்போகாத கூட்டம் என்று பெயர் வாங்கியவர்கள் அவ்வளவு பேர் ஒரே தாளில் கையெழுத்திட்டதே ஒரு செய்தி. அந்தச் சட்டம் ஒரு டஜன் முட்டைக்கான வரியை 8 சென்டிலிருந்து 10 சென்டாக்கியது. கனடா தன் பக்கத்து முட்டை வரியை 3 சென்டிலிருந்து 10 சென்டாக்கியது. கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனதைவிட அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குப் போன முட்டைகளே அதிகம். அந்த ஏற்றுமதி அநேகமாக அற்றுப்போனது. 1929க்கும் 1934க்கும் இடையில் உலக வணிகத்தின் பண மதிப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது.

உலகப் பொருளாதாரத்தை அப்போது முடக்கிய பெருமந்தத்தை இந்தச் சட்டம்தான் உண்டாக்கியது என்று சொல்வோர் உண்டு. அது மிகை. மந்தம் முன்பே தொடங்கிவிட்டது. வங்கிகளின் சரிவும் பணக் கொள்கையின் தவறுகளும்தான் முதன்மைக் காரணங்கள். வணிகச் சரிவிலும் பெரும்பகுதி விலை வீழ்ச்சியாலும் வருமான வீழ்ச்சியாலும் வந்தது. ஆனால் எல்லா நாடுகளும் கதவைச் சாத்தியதால், மீண்டு எழுவதற்கான வழிகளுள் ஒன்று அடைபட்டது. அந்தக் கசப்பான பாடத்திலிருந்துதான் 1947இல் 23 நாடுகள் சேர்ந்து, வணிகத் தடைகளைக் குறைப்பதற்கான காட் (GATT) ஒப்பந்தத்தைச் செய்தன. அதன் வழியில் 1995 ஜனவரி 1 அன்று ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு உலக வணிக அமைப்பு பிறந்தது.

பதிலடி கொடுப்பவர்கள் எங்கே அடித்தால் வலிக்கும் என்று பார்த்துத்தான் அடிப்பார்கள். 2009இல் அமெரிக்கா சீன டயர்களுக்கு 35 சதவீதக் கூடுதல் வரி விதித்தது. சீனா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி விதித்தது. டயர் வரியால் காப்பாற்றப்பட்டவை அதிகபட்சம் 1,200 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 2011இல் நுகர்வோர் கொடுத்தது சுமார் 9 லட்சம் டாலர் என்று வாஷிங்டனின் பீட்டர்சன் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 2018இல் சீனா சோயாபீனைக் குறிவைத்தது. அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு இழப்பீடாக முதலில் 1,200 கோடி டாலரும் அடுத்த ஆண்டு 1,600 கோடி டாலரும் அறிவிக்க வேண்டியதாயிற்று. வரி போட்டு வசூலித்ததை, அந்த வரியால் அடிபட்டவர்களுக்கே திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

கோட்டா இதைவிட மோசமாக முடியலாம். வரி போட்டால் அரசுக்காவது பணம் வரும். 1981இல் ஜப்பான், அமெரிக்காவின் நெருக்குதலுக்கு இணங்கி, ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று 'தானாக முன்வந்து' ஒப்புக்கொண்டது. கார் பற்றாக்குறையானது, விலை ஏறியது. ஏறிய விலை யாருக்கு? ஜப்பானிய நிறுவனங்களுக்கே. எண்ணிக்கைக்குத்தான் வரம்பு என்பதால் அவை சிறிய கார்களை விட்டு, ஆதாயம் கூடிய பெரிய கார்களுக்கு மாறின. அமெரிக்காவிலேயே ஆலைகளும் கட்டின. யாரைத் தடுக்க வேலி போட்டார்களோ, அவர்களை முன்பைவிடப் பலமாக்கி வீட்டுக்குள் அழைத்து வந்ததுதான் மிச்சம்.

வேலிக்கு ஆதரவான வாதங்கள்

எல்லாப் பாதுகாப்பும் முட்டாள்தனம் என்று முடித்துவிடலாமா? வரலாறு இடம் கொடுக்கவில்லை. தடையற்ற வணிகத்தின் தாயகம் என்று பேசப்படும் பிரிட்டன், தன் நெசவுத் தொழிலைக் காக்க இந்தியாவின் அச்சிட்ட பருத்தித் துணிகளை 1700, 1721 ஆண்டுகளின் சட்டங்களால் தடுத்தது. இயந்திர நெசவில் யாரும் தொட முடியாத உயரத்துக்குப் போன பிறகுதான் கதவைத் திறக்கும்படி உலகுக்கு உபதேசம் செய்தது. அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791இல் இளந்தொழில்களுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் லிஸ்ட் 1841இல் இதையே ஒரு கோட்பாடாக வளர்த்தார். உச்சிக்கு ஏறியவன், தான் ஏறிய ஏணியைத் தள்ளிவிடுகிறான் என்று பிரிட்டனைச் சாடியவர் அவர்.

வாதம் இதுதான்: புதிய தொழில் ஒன்று கற்றுக்கொள்ளக் காலம் வேண்டும். செய்யச் செய்யத்தான் செலவு குறையும். முதல் நாளே உலகப் போட்டியில் தள்ளினால் அது செத்துவிடும். இதில் தவறில்லை. தென்கொரியா இதைச் செய்துகாட்டியது. வெளிநாட்டுக் கார்களை நீண்ட காலம் வெளியே வைத்திருந்தது. 1968இல் அரசே எஃகு நிறுவனத்தைத் தொடங்கியது. பிரேசிலும் இதே வாதத்தைச் சொல்லித்தான் 1984இல் கணினிச் சந்தையை உள்நாட்டு நிறுவனங்களுக்கு ஒதுக்கிச் சட்டம் செய்தது. கொரியாவின் கார்கள் 1986இல் அமெரிக்கச் சாலைகளில் ஓடின. பிரேசிலின் கணினிகளோ விலை கூடியவையாகவும் பின்தங்கியவையாகவும் இருந்தன. அவற்றைப் பயன்படுத்த வேண்டியிருந்த மற்ற தொழில்களும் சேர்ந்து பின்தங்கின. 1990களின் தொடக்கத்தில் அந்த ஒதுக்கீடு கைவிடப்பட்டது.

ஒரே மருந்து, இருவேறு முடிவு. கொரியா தந்த பாதுகாப்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். அதிபர் பார்க் சுங் ஹீ ஏற்றுமதி ஆய்வுக் கூட்டங்களை மாதந்தோறும் தானே தலைமையேற்று நடத்தினார். வெளிச் சந்தையில் விற்றுக் காட்ட முடியாத நிறுவனத்துக்குச் சலுகைக் கடன் நிற்கும். அங்கே வேலி உள்நாட்டில் மட்டும்தான்; தேர்வு உலகச் சந்தையில். பெரும்பாலான அரசுகளுக்கு அந்தக் கண்டிப்பு வருவதில்லை. இளந்தொழில் என்று பாதுகாப்புப் பெற்ற தொழில்கள் பல, ஐம்பது வயதிலும் இளந்தொழிலாகவே இருக்கின்றன.

நாட்டுப் பாதுகாப்பு என்ற வாதமும் உண்டு. ஆயுதம், மருந்து, கணினிச் சில்லு போன்றவற்றுக்குப் பகை நாட்டை நம்பியிருப்பது அறிவீனம் என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. ஆனால் 'உள்நாட்டிலேயே செய்தால் தட்டுப்பாடு வராது' என்பது வேறு கூற்று. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பால் மாவு ஏறத்தாழ 98 சதவீதம் உள்நாட்டிலேயே தயாராகிவந்தது, 17.5 சதவீதம்வரை வரியும் கடுமையான விதிகளும் வெளிநாட்டுப் பால் மாவை வெளியே நிறுத்தியிருந்தன. 2022 பிப்ரவரியில் மிச்சிகனில் ஒரே ஒரு பெரிய ஆலை மாசு அச்சத்தால் மூடப்பட்டது. சில வாரங்களில் கடை அலமாரிகள் காலி. மே மாதத்தில் ராணுவ விமானத்தில் ஐரோப்பாவிலிருந்து பால் மாவு கொண்டுவந்தார்கள். பிறகு வரியையும் தற்காலிகமாக நீக்கினார்கள். பல இடங்களிலிருந்து வாங்கும் பழக்கம் இருந்திருந்தால் அந்த விமானம் தேவைப்பட்டிருக்காது.

ஆதாயம் பொது, அடி தனி

தடையற்ற வணிகத்தின் ஆதரவாளர்கள் அவசரமாகக் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. ரிக்கார்டோவின் கணக்கில், இங்கிலாந்தில் ஒயின் செய்துகொண்டிருந்தவர் மறுநாள் காலையில் துணி நெய்யப் போய்விடுவார். நிஜத்தில் ஐம்பது வயது மரச்சாமான் தொழிலாளி மென்பொருள் எழுதப் போவதில்லை. 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. பொருளியலாளர்கள் டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹான்சன் ஆகியோர் அதன் விளைவை அமெரிக்காவின் ஊர் ஊராகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதிப் போட்டியால் அங்கே 20 முதல் 24 லட்சம்வரை வேலைகள் போயிருக்கலாம் என்று அவர்களும் டாரன் அசெமொக்லு உள்ளிட்ட சகாக்களும் மதிப்பிட்டார்கள். பெரிய நாட்டுக்கு அந்த எண்ணிக்கை தாங்கக்கூடியதே. ஆனால் இழப்பு நாடெங்கும் பரவி விழவில்லை. மரச்சாமான், நெசவு, பொம்மை போன்றவற்றை நம்பியிருந்த சில வட்டாரங்கள்மீது மொத்தமாக விழுந்தது. வேலை போனவர்கள் ஊர் மாறவும் இல்லை. பத்தாண்டு கழிந்தும் அங்கே கூலி எழவில்லை.

பாடநூல் இங்கே ஒரு சாமர்த்தியமான வாக்கியம் சொல்லும்: வென்றவர்களின் ஆதாயம் தோற்றவர்களின் இழப்பைவிடப் பெரியது, ஆகவே தோற்றவர்களுக்கு ஈடுகட்ட முடியும். முடியும் என்பது வேறு, செய்தார்கள் என்பது வேறு. அமெரிக்கா 1962லேயே வணிகத்தால் வேலை இழந்தவர்களுக்கென உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒதுக்கிய பணமும் போதவில்லை, பயிற்சி பெற்றவர்களுக்கெல்லாம் வேலையும் கிடைக்கவில்லை. 2022 ஜூலை முதல் புதிய விண்ணப்பங்களுக்கு அத்திட்டத்தின் கதவு அடைக்கப்பட்டது. மலிவான பொருளை அனுபவித்த கோடிக்கணக்கானோர் சார்பில் அந்த ஊர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய கடன் அது. கொடுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் வரிச்சுவர் எழுப்புவதாக வாக்களிப்பவருக்கு ஓட்டுப் போட்டால், அவர்களுக்குப் பொருளாதாரம் தெரியவில்லை என்று சிரிப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சுவர் அவர்களுடைய பழைய வேலையைத் திருப்பித் தராது என்பது வேறு விஷயம். அவற்றில் பல இப்போது இயந்திரத்திடம் போய்விட்டன.

போட்ட வரியைத் திரும்ப எடுப்பது ஏன் இவ்வளவு கடினம்? சட்டைக் கணக்கையே மீண்டும் பாருங்கள். 700 ஆதாயம் பெற்றவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆலைகள். 1,900 இழந்தவர்கள் லட்சக்கணக்கானோர். தலைக்கு அற்பத் தொகை. வரியை நீக்கப் போகிறார்கள் என்றால் ஆலை முதலாளிகள் அடுத்த ரயிலிலேயே தலைநகரத்துக்குக் கிளம்புவார்கள். சட்டைக்கு இருபது குறையட்டும் என்று யாரும் ஊர்வலம் போவதில்லை. அதோடு, காப்பாற்றப்பட்ட ஆலையின் வாசலில் நின்று அமைச்சர் படம் எடுத்துக்கொள்ளலாம். வரியால் திறக்கப்படாமலே போன ஆலைக்கு வாசல் கிடையாது.

1960களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அமெரிக்கக் கோழிக்கு வரியை உயர்த்தியது. பேச்சுவார்த்தை தோற்றதும் அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலடியாகப் பிராந்தி, உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், இலகு சரக்கு வண்டி ஆகிய நான்குக்கும் 1964இல் 25 சதவீத வரி விதித்தார். சரக்கு வண்டியில் குறி மேற்கு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன். மற்ற மூன்றின் வரியும் பின்னர் போய்விட்டது. சரக்கு வண்டி வரி மட்டும் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் சட்டத்தில் இருக்கிறது. அதற்குள் அது அமெரிக்கக் கார் நிறுவனங்களின் மிகக் கொழுத்த ஆதாயத்துக்குக் காவலாகிவிட்டது. 2010 வாக்கில் பயணியர் வண்டிக்கு வரி 2.5 சதவீதம்தான். ஆகவே ஃபோர்டு நிறுவனம் துருக்கியில் செய்த சிறு சரக்கு வண்டிகளைப் பின் இருக்கையும் சன்னலும் பொருத்திப் பயணியர் வண்டியாகக் கப்பலேற்றியது. பால்டிமோரில் சுங்கத்தைத் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றி அழித்துவிட்டு, சன்னல் கண்ணாடிக்குப் பதில் தகடு வைத்துச் சரக்கு வண்டியாக விற்றது. இவற்றுக்கும் சரக்கு வண்டி வரிதான் என்றது சுங்கத் துறை. அதை எதிர்த்து ஃபோர்டு வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் இழுத்த பிறகு 2024இல் ஃபோர்டு 36.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. யாருமே உட்காராமல் குப்பைக்குப் போன அந்த இருக்கைகளின் விலையைப் பாடநூலின் எந்த முக்கோணத்திலும் தேட முடியாது.